மலபார் செவன்ஸ் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலபார் பக்கத்துச் செவன்ஸ் கால்பந்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கோவை, பொள்ளாச்சி, நீலகிரிப் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேரின் முதல் கேள்வி, "இறுதிப்போட்டி என்றைக்கு?" என்பதுதான். முதல் தடவை போகிறவர் இறுதிப்போட்டிக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி. அதற்கான காரணங்கள் கீழே அங்கங்கே வரும். இப்போதைக்கு, தொடரின் நடுவில், வாரநாள் ஒன்றில் நடக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து இது. மலப்புரம், கோழிக்கோடு, பாலக்காடு, திருச்சூர் மாவட்டங்களில் இதற்கு இருக்கும் மவுசு கேரளத்தின் தெற்குப் பகுதியில் கிடையாது. மலப்புரத்தில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையினரைப் பார்த்தும், பிறகு மலபார் சிறப்புக் காவல் படையின் அணியைப் பார்த்தும் இந்த வட்டாரம் கால்பந்து கற்றது. மழை ஓய்ந்து, கதிர் அறுத்து, காய்ந்து கிடக்கும் வயல்தான் அன்றைக்கு மைதானம். பதினொரு பேர் ஓடுவதற்கு வயலில் இடம் போதாமல் ஏழாகக் குறைந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது பள்ளி மைதானங்களிலும் நகராட்சி மைதானங்களிலும் விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டமாக நடக்கிறது.

ஊருக்கு ஊர் ஒரு கிளப்போ கமிட்டியோ ஆண்டுக்கு ஒருமுறை தன் பெயரில் ஒரு தொடர் நடத்தும். மறைந்துபோன உள்ளூர் ஆட்டக்காரர், கிளப்பைத் தொடங்கியவர், ஊருக்கு நல்லது செய்த யாராவது ஒருவர் என்று எவருடைய நினைவிலாவது கோப்பை வைப்பார்கள். அணிகளை அழைப்பது கமிட்டியின் வேலை. புள்ளிப்பட்டியலில் ஏறி வந்து இடம்பிடிக்கும் வழக்கம் இங்கே இல்லை. அழைப்பு வந்தால்தான் ஆட்டம். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் 'அகில இந்திய செவன்ஸ்' என்று இருக்கும். அதைப் பார்த்து வங்காளத்திலிருந்தும் கோவாவிலிருந்தும் கிளப்புகள் வந்து இறங்கும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். அணிகளில் பெரும்பாலானவை இந்த நான்கைந்து மாவட்டங்களைச் சேர்ந்தவை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் இந்தத் தொடர்களுக்குக் கிடையாது. செவன்ஸுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. பெரிய தொடர்களும் பெயர்பெற்ற அணிகளும் அதன் குடைக்குள் வருகின்றன.

அணிகளின் பெயரைக் கேட்டுப் புதியவர்கள் சிரிப்பதுண்டு. சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு, லின்ஷா மெடிக்கல்ஸ் மண்ணார்க்காடு, அல் மதீனா செர்ப்புளச்சேரி, பிளாக் அண்ட் ஒயிட் கோழிக்கோடு, ஜவஹர் மாவூர், ஃபிஃபா மஞ்சேரி என்று போகும் பட்டியல். ஸ்டுடியோவும் மருந்துக்கடையும் டிராவல்ஸும் அணியின் பெயரில் இருப்பது, அணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான நேர்மையான அறிவிப்பு. ஐரோப்பிய கிளப்புகள் சட்டையின் நெஞ்சில் எழுதிக்கொள்வதை இவர்கள் பெயரிலேயே எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர் அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வாயை மூடிக்கொள்வார்.

காலத்தைத் தேர்வு செய்வது

பருவம் நவம்பரில் சூடுபிடித்து மே வரை ஓடும். ஜனவரியும் பிப்ரவரியும்தான் உச்சம். அந்த நாட்களில் முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒரே இரவில் இரண்டு மூன்று ஊர்களில் ஆட்டம் நடப்பதைப் பார்க்கலாம். ஏப்ரல் கடைசிக்கு மேல் கோடை மழை குறுக்கே வரும். நன்றாக ஒரு மழை பெய்தால் அன்றைய ஆட்டம் போயிற்று.

நோன்பு மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் பார்வையாளர்களும் ஆட்டக்காரர்களும் கமிட்டிக்காரர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். ரமலானில் தொடர்கள் பொதுவாக இடைவேளை விட்டுவிடும், அல்லது அதற்கு முன்பே முடித்துவிடப் பார்ப்பார்கள். பிறை கணக்கில் வருகிற மாதம் என்பதால் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. 2025இல் மார்ச் தொடக்கத்தில் வந்தது. போன வருடம் போன அதே தேதியில் இந்த வருடமும் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் காலி மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

இன்றைக்கு எங்கே ஆட்டம்?

வெளியூர்க்காரரைத் திணறடிப்பது இந்தக் கேள்விதான். எல்லாத் தொடர்களின் அட்டவணையும் ஒரே இடத்தில் ஒழுங்காகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அணிகளும் கமிட்டிகளும் சமூக வலைத்தளங்களில் அன்றன்றைய சுவரொட்டியைப் போடுகின்றன. மலையாள நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் முந்தைய இரவின் முடிவும் அன்றைய ஆட்டமும் வருவதுண்டு. நாற்சந்திகளில் ஃபிளெக்ஸ் தட்டிகள் தொங்கும். ஆட்ட நாளன்று ஒலிபெருக்கி கட்டிய ஜீப்போ ஆட்டோவோ தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போகும்.

மலையாளம் படிக்கத் தெரியாதவருக்கு இவற்றையெல்லாம் விட நல்ல வழி டீக்கடை. "இன்னு களி எவிடெயா?" என்று கேளுங்கள். தமிழ்க்காரர் செவன்ஸ் பார்க்க வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், எந்த ஊரில் எந்த அணிகள், போன வாரம் யார் யாரை எத்தனை கோலில் வென்றார்கள், எந்த மைதானத்தில் புழுதி அதிகம் என்பது வரை சொல்லிவிடுவார்கள். அடுத்த மேஜைக்காரர் அதை மறுத்து வேறு ஆட்டத்தைச் சிபாரிசு செய்வார். இரண்டையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போங்கள்.

தொடரின் அமைப்பு எளியது. நாக்அவுட் முறைதான், இரவுக்கு ஒரே ஒரு ஆட்டம். ஆகவே ஒரு தொடர் ஏறக்குறைய ஒரு மாதம் நீளும். அரையிறுதியில் மட்டும் அதே இரண்டு அணிகள் இரண்டு முறை மோதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. சமனில் முடிந்தால் பெனால்டி, அதுவும் சமனானால் நாணயம் சுண்டி முடிவு செய்வதும் நடக்கும். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடிய அணி காசு விழும் பக்கத்தைப் பார்த்துத் தோற்பது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. ஆனால் மறுநாள் இரவு அதே மைதானத்தில் வேறு ஆட்டம், அதே ஆட்டக்காரர்களில் சிலருக்கு வேறு ஊரில் ஆட்டம் என்று இருக்கும்போது கமிட்டி வேறு என்னதான் செய்யும்?

காலிறுதிக்கு முந்தைய சுற்றும் காலிறுதியும்தான் பார்க்கச் சிறந்தவை. பலவீனமான அணிகள் அதற்குள் கழன்றிருக்கும். கூட்டமும் இருக்கும், உட்காரவும் இடம் கிடைக்கும்.

போய்ச் சேர்வது, தங்குவது

பெரிந்தல்மண்ணாவைத் தங்குமிடமாக வைத்துக்கொள்வது என் பரிந்துரை. மருத்துவமனைகள் நிறைந்த ஊர் அது. நோயாளிகளோடு வருகிறவர்களுக்காகவே எல்லா விலையிலும் லாட்ஜுகள் இருக்கின்றன, இரவு எந்நேரம் திரும்பினாலும் கதவைத் திறக்க ஆள் இருக்கும், சாப்பாட்டுக்கடையும் திறந்திருக்கும். மஞ்சேரி, மலப்புரம், மங்கடா, செர்ப்புளச்சேரி, மண்ணார்க்காடு, வண்டூர் எல்லாம் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கோவையிலிருந்து பாலக்காடு வழியாகக் கோழிக்கோடு போகும் பேருந்துகள் தேசிய நெடுஞ்சாலை 966இல் மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மலப்புரம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டே போகின்றன. ரயிலில் வருவதானால் ஷொர்ணூரில் இறங்கி நிலம்பூர் கிளைப்பாதை வண்டியில் ஏறி அங்காடிப்புரத்தில் இறங்குங்கள். பெரிந்தல்மண்ணா அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். இருபுறமும் மரங்கள் கவிந்த அந்தப் பாதைக்காகவே ரயிலில் வரலாம். வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குக் கரிப்பூர் இருக்கிறது. கோழிக்கோடு விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது மலப்புரம் மாவட்டத்தில்தான்.

நீலகிரிக்காரர்கள் கூடலூர், நாடுகாணி, வழிக்கடவு வழியாக நிலம்பூரில் இறங்குவார்கள். போகும்போது பகலில் போவதால் சிரமமில்லை. ஆட்டம் முடிந்த கையோடு அதே மலைப்பாதையில் இருசக்கர வண்டியில் திரும்பலாம் என்று இளைஞர்கள் திட்டம் போடுகிறார்கள். வேண்டாம். யானை நடமாடும் காடு அது. நிலம்பூரிலேயே ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டு விடிந்தபின் ஏறுங்கள்.

திரும்பும் ஏற்பாட்டைப் போகும்போதே செய்துவிடுங்கள். ஆட்டம் முடிய இரவு பத்து, பத்தரை ஆகும். சிற்றூர்களில் தனியார் பேருந்துகள் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். கொண்டுவந்து விடும் ஆட்டோக்காரரிடமே திரும்பிப் போவதற்கும் பேசிக்கொள்வது நல்லது. அவரும் ஆட்டம் பார்க்க உள்ளே வந்துவிடுவார், வாடகையில் கொஞ்சம் குறைத்தும் கொள்வார்.

மைதானத்தில்: இடம் பிடிப்பது

இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும், எட்டு மணிக்கோ எட்டரைக்கோ. சில ஊர்களில் அதற்கு முன் சிறுவர்கள் அல்லது இளையோர் ஆட்டம் ஒன்று இருக்கும். ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்கும்படி போங்கள். தகரமோ துணியோ கட்டி மைதானத்தைச் சுற்றி மறைத்திருப்பார்கள், வாசலில் டிக்கெட் கவுண்டர். கேலரிக்கு ஒரு விலை, நாற்காலிக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. கேலரி டிக்கெட் பெரும்பாலும் நூறு ரூபாயை ஒட்டியே இருக்கும். சில்லறையாகக் கொண்டுபோனால் வரிசை சீக்கிரம் நகரும்.

கேலரி என்பது அந்தத் தொடருக்காக மட்டும் கட்டப்படும் தற்காலிகப் படிவரிசை. கமுகு மரங்களையும் மூங்கிலையும் கயிற்றால் பிணைத்துப் பலகை அடித்துக் கட்டுவது பழைய வழி. இரும்புக் குழாய்களைக் கொண்டு கட்டுவதும் உண்டு. மாதம் முடிந்ததும் பிரித்து அடுத்த ஊருக்கு எடுத்துப் போவார்கள். ஆயிரக்கணக்கானவர்களைத் தாங்கும் கேலரிகளை இப்படிக் கட்டும் தச்சர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டியவர் கணக்கிட்ட கூட்டத்துக்கு மேல் ஏற்றினால் எந்தக் கட்டுமானமும் தாங்காது. 2022 மார்ச் 19 அன்று காளிகாவு அருகே பூங்கோட்டில் இறுதிப்போட்டிக்குக் கூட்டம் வழிந்தபோது கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணியிலும் ஆட்டத்துக்கு முன் கேலரி விழுந்து பலர் அடிபட்டார்கள்.

நாற்காலி கிடைத்தால் நாற்காலியே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டை ஒட்டித் தரையில் போட்டிருப்பார்கள். உயரத்திலிருந்து பார்க்கும் வசதி கிடைக்காது, இரண்டொரு முறை பந்து மடியில் வந்து விழும். அதற்கு ஈடாக, தடுப்பாட்டக்காரர் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது முதல் மோதும் எலும்புச் சத்தம் வரை எல்லாம் காதில் விழும். கேலரியில்தான் உட்கார வேண்டும் என்றால் முதலில் கீழே போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுங்கள். கட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, கால்கள் ஈர மண்ணில் புதைந்திருக்கின்றனவா, இறங்கும் படி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கீழ்ப் படிகளில், ஓரமாக, இறங்கும் வழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எல்லோரும் எழுந்து குதிக்கும்போது படி அலைபோல அசைந்தால் ஆட்டம் எவ்வளவு சுவையாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். குழந்தைகளை மேல் படிக்கு அழைத்துப் போகாதீர்கள்.

வாணவேடிக்கையும் இறுதிப்போட்டியோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். 2025 பிப்ரவரி 18 அன்று அரீக்கோட்டில் ஒரு தொடரின் இறுதிப்போட்டியில் வெடித்த பட்டாசு பார்வையாளர்கள் பக்கம் பாய்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். கேலரி, கூட்டம், வெடி மூன்றும் ஒரே இரவில் சேர்வது இறுதிப்போட்டியில்தான். பழகியவர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்பார்கள். புதியவருக்கு அது தெரியாது.

பெண்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனாலும் கேலரி இன்னும் ஆண்களின் இடமாகத்தான் இருக்கிறது. சில கமிட்டிகள் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனிப் பகுதி ஒதுக்குகின்றன. குடும்பத்தோடு போகிறவர்கள் கவுண்டரில் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது.

ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது

தொலைக்காட்சியில் ஐரோப்பிய ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் எதுவும் பிடிபடாது. அரைக்கு முப்பது நிமிடம் என்று பெரும்பாலும் ஒரு மணி நேர ஆட்டம். மைதானம் சிறியது. பந்தைப் பின்னால் தட்டித் தட்டி நேரம் கடத்த வழியில்லை, ஏனென்றால் பின்னால் என்று ஒரு இடமே இல்லை. கோல்கீப்பர் கையால் வீசும் பந்து எதிரணியின் கோல் பக்கம் போய் விழும். அடுத்த நொடி அங்கிருந்து ஓர் உதை. கோல்கீப்பர் தடுத்தால் அடுத்த நொடி இந்தப் பக்கம் ஆபத்து.

ஆகவே பந்தை மட்டும் பார்க்காதீர்கள், கோல்கீப்பரைப் பாருங்கள். ஏழு பேர் ஆட்டத்தில் பாதித் தாக்குதல் அவர் கையிலிருந்துதான் பிறக்கிறது. நல்ல செவன்ஸ் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கும்போதே யாருக்கு எறிவது என்று முடிவு செய்திருப்பார். அடுத்தபடியாகப் பின்னால் நிற்கும் நெடியவரைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் ஆப்பிரிக்கராக இருப்பார். நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் பருவத்துக்குப் பருவம் வருகிறார்கள். அணிக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், தடுப்பிலோ முன்வரிசையிலோ. அவர்களுடைய உடல் வலுவுக்கு எதிராக, பதினெட்டு இருபது வயது உள்ளூர்ப் பையன்கள் ஓரத்தில் பந்தை ஒட்டி ஓட்டிக்கொண்டு புகுந்து போவதுதான் செவன்ஸின் தனிச்சுவை.

நடுவர் விசில் ஊதுவார் என்று நாம் நினைக்கும் இடங்களில் பாதியில் ஊத மாட்டார். தோளோடு தோள் மோதுவது இங்கே ஆட்டத்தின் பகுதி. அதற்காக ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருப்பவரிடம் "இது ஃபவுல் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவர் எரிச்சலடைவார். கேட்க வேண்டியது வேறு: "அந்தப் பத்தாம் நம்பர் யார்?" உடனே அவன் ஊர், அப்பா ஆடிய அணி, போன பருவத்தில் யாருக்கு ஆடினான், எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று முழுக் கதையும் வரும். இங்கே அணிகளை விட ஆட்டக்காரர்களுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். இன்று இந்தச் சட்டையில் ஆடியவர் வேறொரு தொடரில் வேறு சட்டையில் வருவதை யாரும் துரோகமாக நினைப்பதில்லை.

உடல் எவ்வளவு விலை கொடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கொல்கத்தா அணிகளுக்கும் ஆடிய பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். மேலே சொன்ன நூரணி விபத்து, அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட நடத்திய ஆட்டத்தில்தான் நேர்ந்தது. பொறுப்பான கமிட்டி என்றால் ஆம்புலன்ஸை மைதானத்து வாசலிலேயே நிறுத்தியிருக்கும். உள்ளே நுழையும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

பேச்சும் நடத்தையும்

ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கேலரியில் சிலர் 'சுடானி' என்றும் அதைச் சுருக்கியும் கூப்பிடுவார்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அதே பெயர்தான். பாசமாகத்தான் சொல்கிறோம் என்பார்கள். அந்த ஆட்டக்காரர்களில் யாரும் அதை விரும்புவதாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்தக் கும்பலில் சேராதீர்கள். சட்டையின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம், பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் இன்னும் நல்லது. 2024 மார்ச்சில் அரீக்கோடு பக்கம் ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரைப் பார்வையாளர்கள் விரட்டி அடித்தார்கள். நிறத்தைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்று அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். மலபாரின் விருந்தோம்பலை வாயாரப் புகழ்கிற நானும் இதை மறைத்துவிட்டு எழுத முடியாது.

இடைவேளையில் வாளியோ பெட்டியோ ஏந்திக்கொண்டு தொண்டர்கள் வருவார்கள். பெரும்பாலும் ஊரின் நோய்த்தணிப்பு மருத்துவ மையத்துக்காகவோ யாருடைய சிகிச்சைக்காகவோ இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் இந்த மையங்கள் மலப்புரத்தில் ஊருக்கு ஊர் இருக்கின்றன, பல தொடர்களின் வருமானமே அவற்றுக்குத்தான் போகிறது. கையில் இருப்பதைப் போடுங்கள்.

ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டலாமா என்று காதோரம் யாராவது கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாப்பாடு

மைதானத்துக்கு உள்ளே வறுத்த கடலையும் சாயாவும் கிடைக்கும், வெளியே தள்ளுவண்டியில் ஆம்லெட்டும் உப்பிலிட்ட நெல்லிக்காய், மாங்காயும். இரவு உணவை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் பொரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும் அந்நேரத்தில்தான் சூடாகக் கிடைக்கும். ஆட்டம் பார்த்துவிட்டு வந்த பாதிக் கூட்டம் அங்கேதான் இருக்கும். சைவர்களுக்குச் சிற்றூர்களில் அந்நேரத்தில் வழி குறைவு. பெரிந்தல்மண்ணாவிலேயே ஏழு மணிக்கு முன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

பகலில் என்ன செய்வது?

மலப்புரம் நகரில் கோட்டப்படி மைதானத்தைப் பாருங்கள். மஞ்சேரி அருகே பய்யநாட்டில் இருக்கிறது பதினொரு பேர் ஆட்டத்துக்கான அரங்கம். 2022 மே 2 அன்று, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையின் இறுதியில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்றது அங்கேதான். செவன்ஸில் கால் பழகிய பலர் பின்னால் அந்த மாதிரி அரங்கங்களுக்குப் போனார்கள். ஏழு பேர் ஆட்டம் பழகினால் பதினொரு பேர் ஆட்டம் கெடும் என்று பயிற்சியாளர்கள் சிலர் சொல்வதும் உண்டு. இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மதிய டீயோடு யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், ஆட்டம் தொடங்கும் வரை பொழுது போய்விடும்.

உங்கள் அணியை அழைத்துக்கொண்டு போக விரும்பினால்

பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலருக்கு அடுத்து வரும் ஆசை இது. சங்கத்தின் குடைக்குள் நடக்கும் பெரிய தொடர்களில் வெளியூர் அணி நேரடியாக நுழைய வழியில்லை. அங்கே அணிகளும் ஆட்டக்காரர்களும் பருவத்துக்கு முன்பே முடிவாகிவிடுவார்கள். ஆனால் அவற்றுக்கு வெளியே, ஊர் கிளப்புகள் நடத்தும் சிறிய அழைப்புத் தொடர்கள் ஏராளம். மழைக்காலத்தில் வயலில் சேற்றுக் கால்பந்து நடத்துகிறார்கள், செயற்கைப் புல் மைதானங்களில் ஆண்டு முழுக்க வார இறுதித் தொடர்கள் நடக்கின்றன. தொடங்குவதற்கு இவைதான் சரியான இடம்.

முதலில் ஒரு கமிட்டியோடு நேரில் அறிமுகமாகுங்கள். ஆட்டம் பார்க்கப் போகும்போதே செயலாளரைக் கண்டு, எந்த ஊர், எப்படிப்பட்ட அணி என்று சொல்லி எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். தொலைபேசியில் மட்டும் பேசுகிற அணியை யாரும் நம்பி அழைப்பதில்லை. வருகிறோம் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தச் செயலாளர்தான். நுழைவுக்கட்டணம், பயணச்செலவு யாருடையது, தங்குமிடம் உண்டா, வயது வரம்பு உண்டா, வெளியாட்களைச் சேர்க்கலாமா, சமனானால் என்ன முறை என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஆட்டக்காரர்களில் யாராவது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கீழ் ஏதாவது கிளப்பில் பதிவு செய்திருந்தால், அங்கீகாரமில்லாத தொடரில் ஆடுவது அவருக்குச் சிக்கலைத் தரலாம். அவருடைய கிளப்பிடம் கேட்காமல் பெயரைச் சேர்க்காதீர்கள். வேறு பெயரில் ஆடவைக்கும் தந்திரமும் வேண்டாம். செல்பேசிக் காணொளி ஊரெங்கும் சுற்றும் காலம் இது.

காய்ந்த வயலும் பள்ளி மைதானமும் கட்டாந்தரை. நீளமான ஆணி வைத்த பூட்ஸ் அங்கே கணுக்காலைத் திருப்பிவிடும், குட்டையான ரப்பர்க் குமிழ் வைத்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான பதினொரு பேரிலிருந்து ஏழு பேரைப் பொறுக்கும்போது, வேகமானவர்களை எல்லாம் சேர்த்துவிட்டு யாரோ ஒருவரைக் கோல்கீப்பராக நிறுத்துவதுதான் புதிய அணிகள் செய்கிற வேலை. முதலில் கோல்கீப்பரைத் தேர்ந்தெடுங்கள், மைதானத்தின் பாதியைத் தாண்டிக் குறிவைத்துக் கையால் எறியத் தெரிந்தவராக. மற்ற ஆறு பேரை அதன்பிறகு யோசிக்கலாம்.